மணலூர் மணியம்மையும் நம் மௌனமும்



நியாயாதிபதிகள் 4ஆம் அதிகாரத்தில் தெபொராளைச் சந்திக்கிறோம். பேரீச்சமரத்தின் கீழ் அமர்ந்து நியாயம் விசாரித்தவள். தொளாயிரம் இருப்புரதங்களுடைய சிசெராவுக்கு எதிராகப் பாராக்கோடு புறப்பட்டவள். பிற நாட்டு மக்களிடத்திலும் இத்தகைய பெண்கள் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் அப்பாச்சே இனத்து லோசன், தன் அண்ணன் விக்டோரியோவோடு போர்க்களம் கண்டாள். 1886இல் ஜெரோனிமோவோடு கைதியானாள். ஆனால் நம் காவிரிக் கரையில் வாழ்ந்த மணலூர் மணியம்மையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்தணக் குலத்தில் வாலாம்பாள் என்ற பெயரோடு பிறந்து, இளமையிலேயே விதவையானவர் அவர். சமூகம் அவருக்கென வகுத்துவைத்த மூலையில் அவர் ஒடுங்கவில்லை. தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் கற்றார். காங்கிரசிலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, கீழத்தஞ்சையின் பண்ணையாட்களுக்காக வீதியில் நின்றார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக விதிக்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்களின் நெடிய போராட்டத்தின் கனியாக, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டில், பூந்தாழங்குடியில் ஒரு மான் முட்டியதால் மணியம்மை மரித்தார். அவர் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் நாவலாக எழுதினார்.

'அவர் நம் விசுவாசத்தைச் சார்ந்தவர் அல்லவே, போதகரே!' என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் பிறன் யார் என்ற கேள்விக்கு விடையாக ஆண்டவர் நிறுத்திக்காட்டியது ஆசாரியனையோ லேவியனையோ அல்ல, ஒரு சமாரியனை. குற்றுயிராய்க் கிடந்தவனிடம் நின்றவன் எவன் என்பதே அங்கே அளவுகோல். அந்த அளவுகோலின்முன் மணியம்மை நிமிர்ந்து நிற்கிறார். நாம் நிற்கிறோமா என்பதே என் கேள்வி.

அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் கூக்குரலாய் எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். இன்றும் சேற்றில் குனிந்து நாற்று நடும் சகோதரிக்கு, வரப்பு வெட்டும் ஆணைவிடக் குறைந்த கூலியே பல ஊர்களில் கொடுக்கப்படுகிறது. அப்படிக் கொடுப்பவர்களில் நம் சபையாரும் இருந்தால், அறுப்பின் பண்டிகையில் நாம் பீடத்தண்டை குவிக்கும் நெல் யாருடைய காணிக்கை?

ஆகவே இரண்டு காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். நிலமுடைய குடும்பங்கள் வரும் நடவிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி கொடுக்கத் தொடங்கட்டும். அறுப்பின் பண்டிகையன்று முதற்கதிரைப் பீடத்துக்கு எடுத்துவரும் கைகள், அதை நட்ட பெண்களின் கைகளாக இருக்கட்டும். தெபொராளை வாசித்து மகிழும் சபைக்கு, நம் ஊர்ப் பெண் எழுந்து நியாயம் கேட்கும்போது செவிகொடுக்கும் கடமையும் உண்டு.

கர்த்தர் அதற்கான துணிவை நமக்கு அருளுவாராக. ஆமென்.