விடிய விடிய எண்ணினாலும் சீட்டே மேல்

தேர்தல் கடமை முடிந்து பாடசாலைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் ஓய்வறையில் இதே பேச்சுத்தான். “இந்தியாவில் இயந்திரம் வந்து எத்தனை வருடம்! நாங்கள் இன்னும் விடிய விடியச் சீட்டு எண்ணுகிறோம்.” களைப்பில் நானும் தலையாட்டியிருக்கிறேன். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு அடிக்கு மேல் நீண்ட வாக்குச்சீட்டு. போதாததற்கு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணிக்கையும். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 3 இலட்சம். இயந்திரம் இருந்தால் இப்படிப் பழுதாகும் வாக்குகள் வெகுவாகக் குறையும் என்பது உண்மையே.

ஆனால் இந்திய அனுபவத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும். 1982இல் கேரளாவின் பறவூர் தொகுதியில் முதன்முதலாக இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்து, இயந்திரம் வைத்த 50 நிலையங்களில் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தச் செய்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. அந்த இயந்திரங்கள் இணையத்துடன் இணைக்கப்படாதவை. தூரத்திலிருந்து எவரும் நுழைந்துவிட முடியாது என்கிறது அங்குள்ள ஆணையம். இருந்தும் சந்தேகம் தீரவில்லை. 2013இல் நீதிமன்றம் சொன்ன பிறகே, போட்ட வாக்கைக் கண்ணாடி வழியே 7 விநாடி காட்டும் காகிதச் சீட்டு படிப்படியாக வந்தது. அதிலும், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 நிலையங்களின் சீட்டுகளே எண்ணி ஒப்பிடப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ணுங்கள் என்ற மனுக்கள் 2024 ஏப்ரலில் தள்ளுபடியாகின.

ஜேர்மனி வேறு வழியில் போனது. விசேட அறிவு இல்லாத சாதாரண பிரஜையும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று 2009 மார்ச்சில் அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. 2005இல் அங்கு பயன்படுத்திய இயந்திரங்கள் அந்தச் சோதனையில் தேறவில்லை. பங்களாதேஷும் 2024 பொதுத் தேர்தலுக்குச் சீட்டுக்கே திரும்பியது.

எங்கள் வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி முகவர் ஒருவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும். பெட்டியில் தன் முத்திரையையும் இடலாம், சந்தேகம் வந்தால் மீள எண்ணக் கேட்கலாம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களின் சிறுபான்மை வாக்குகளை நம்பி நிற்கும் வேட்பாளருக்கு இது சின்ன விடயமல்ல. சில நூறு விருப்பு வாக்குகளில் ஆசனமே கைமாறலாம். தோற்றவரிடம் “இயந்திரம் சரியாகத்தான் சொன்னது” என்றால் அவர் எதைப் பார்த்து நம்புவார்?

நிராகரிக்கப்படும் வாக்குகளைக் குறைக்க இயந்திரம்தான் வேண்டுமென்றில்லை. புள்ளடியையும் விருப்பு இலக்கத்தையும் எங்கே இடுவது என்று தேர்தலுக்கு முந்திய வாரங்களில் பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் மாதிரிச் சீட்டு வைத்துக் காட்டலாம். அதையும் மீறி இயந்திரம் வருமானால், அது அச்சிடும் சீட்டு அத்தனையும் எண்ணப்பட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சீட்டே செல்ல வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அப்போதும் நாங்கள் விடிய விடியத்தான் எண்ணுவோம்.