முட்டையும் முயலும்



சில ஆண்டுகளுக்கு முன் ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் சபையின் சகோதரி ஒருவர் கலங்கிய முகத்தோடு வந்தார். "பாஸ்டர் ஐயா, பக்கத்து வீட்டார் பிள்ளைக்குச் சாக்லேட் முட்டை ஒன்று கொடுத்தார்கள். இது அஸ்தரோத்தின் பண்டிகைப் பொருள்தானே? வீட்டில் வைக்கலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கலக்கத்துக்கு நானே காரணம். ஈஸ்டர் என்னும் பெயர் பாபிலோனின் இஷ்டார் தேவியிடமிருந்து வந்தது என்று பிரசங்க பீடத்தில் நின்று முழங்கியவன் நான். ஸ்காட்லாந்து போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1858-இல் விரிவாக வெளியிட்ட நூல் பரப்பிய கருத்து அது. ஓசை ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை என்பதைப் பிற்பாடே அறிந்தேன்.

மெய்யான செய்தி மிகச் சிறியது. இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், காலக்கணக்கைப் பற்றி 725-இல் எழுதிய நூலில், தம் முன்னோர் ஒரு வசந்த மாதத்தை ஏயோஸ்டர் என்னும் தேவியின் பெயரால் அழைத்தார்கள் என்றும், அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். அவ்வளவே. முட்டை இல்லை, முயல் இல்லை, கருவளச் சடங்கு ஒன்றையும் அவர் சொல்லவில்லை. பீட் அவளைக் கற்பனை செய்தார் என்றும் தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய அதே பெயருடைய தாய்த்தெய்வங்களுக்கு ரோமர் காலத்தில் செதுக்கப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் 1958-இல் ஜெர்மனியில் கிடைத்தன. ஆனால் நாம் கேள்விப்படும் ஓஸ்டாரா என்னும் ஜெர்மானிய தேவி, 1835-இல் யாக்கோபு கிரிம் என்னும் அறிஞர் ஊகித்து எழுதிய பெயர்.

முட்டையிடும் முயலோ, 1682-இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் நூலில்தான் தலைகாட்டுகிறது. பீட் மறைந்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்பு! முட்டையின் வரலாறு இன்னும் எளிது. இடைக்காலச் சபையில் லெந்து நாட்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளுக்கு லெந்து தெரியுமா? நாற்பது நாட்கள் சேர்ந்த முட்டைகள் பண்டிகையன்று பந்திக்கு வந்தன. 1290-இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு 450 முட்டைகளை வாங்கி அலங்கரித்து வழங்கியது அரண்மனைக் கணக்கிலேயே இருக்கிறது.

கருவள வழிபாடு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் தருகிறவன் பாகாலே என்று இஸ்ரவேல் நம்பியதை ஓசியா இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தீர்க்கதரிசிகள் எதிர்த்துப் போராடியது அதனோடுதான், சாக்லேட்டோடு அல்ல.

பெயரைக் குறித்தும் ஒன்று. அப்போஸ்தலர் 12:4-இல் 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் ஈஸ்டர் என்கிறது. மூலத்தில் உள்ளதோ, நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கும் பஸ்கா. அந்நியப் பெயர் தீட்டு என்றால் ஆங்கிலத்தில் ஃப்ரைடே என்பதும் ஃப்ரிக் என்னும் தேவியின் பெயர்தான். நாம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விட்டுவிடவில்லையே!

இவற்றையெல்லாம் அச்சகோதரியிடம் சொல்லி, பழைய பிரசங்கத்துக்காக மன்னிப்பும் கேட்டு, பிள்ளை அதைச் சாப்பிடட்டும் என்றேன். அவன் நேற்றே பாதியைத் தின்றுவிட்டான் என்று அவர் மெல்லச் சொன்னார்.