ஆவி பறக்காத கிண்ணம்



ஜனவரியில் டோக்கியோவில் நான்கு நாள் தங்கினேன். கோயில், அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி நாள் மதியத்தை மட்டும் ஒரு கிண்ணம் மிசோ ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்புக்காக ஒதுக்கிவைத்திருந்தேன். டோக்கியோவில் ராமென் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் தேடிப் போனது, வாசல் திரையில் ‘சப்போரோ’ என்று ஊர்ப்பெயர் எழுதிய கடையை.

சப்போரோ, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவின் தலைநகரம். டோக்கியோவிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பனி கொட்டும் ஊர். அதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்தக் கிண்ணம் புரியும்.

கடையில் பத்துப் பேர் உட்காரலாம். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, நானும் ஒரு நண்பரும் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தோம். மற்ற ஊர் ராமெனில் பெரும்பாலும் கிண்ணத்தில் சாற்றை ஊற்றி நூடுல்ஸைப் போட்டுத் தந்துவிடுவார்கள். இங்கே முதலில் வாணலி ஏறுகிறது. பன்றிக் கொழுப்பு புகையும் அளவுக்குக் காய்ந்ததும் பூண்டு, கொத்துக்கறி, வெங்காயம், கைநிறைய முளைப்பயறு. அதன்மேல் மிசோ. அந்த விழுது சூட்டில் பட்ட கணம் எழுந்த வாசனையில் கடையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகுதான் எலும்புச் சாறு. நம் சமையலில் தாளிப்பு செய்கிற வேலையை இங்கே இந்த வாணலி செய்கிறது.

மிசோ என்பது வேகவைத்த சோயாவையும் உப்பையும் கோஜியோடு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. கோஜி என்பது பெரும்பாலும் அரிசியின்மேல் வளர்த்தெடுக்கும் ஒரு பூஞ்சை. ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் வைக்கும் சூப்புக்கு அதுதான் ஆதாரம். அந்த வீட்டு ருசியை நூடுல்ஸோடு சேர்த்தவர் சப்போரோவில் ‘அஜி நோ சான்பெய்’ என்ற சிறு கடை நடத்திய ஓமியா மொரிதோ. 1950களின் நடுவில் அது நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் அந்நகரில் தள்ளுவண்டிகளில் ராமென் விற்றுப் பிழைத்த காலத்தை ஒட்டிய கதை இது.

இதில் ஒரு பத்திரிகையாளருக்கும் பங்குண்டு என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ‘குராஷி நோ தெச்சோ’ இதழின் ஆசிரியர் ஹனமோரி யசுஜி, 1954-ல் ‘ஷுகான் அசாஹி’ வார இதழில் சப்போரோவை ராமென் நகரம் என்று எழுதினார். தலைநகர வாசகர்கள் வடக்கே திரும்பிப் பார்த்தார்கள். 1968-ல் ‘சப்போரோ இச்சிபான்’ மிசோ ராமென் பாக்கெட்டிலேயே வந்துவிட்டது. ஓர் ஊரின் பெயர் ஒரு சுவைக்கே பெயராகிப் போனது. சாப்பாட்டைப் பற்றி எழுதுவது சில்லறை வேலை என்று நினைப்பவர்களிடம் நான் ஹனமோரியைத்தான் சொல்வேன்.

கிண்ணம் வந்தது. மஞ்சள் நிறத்தில் சுருள் சுருளான, கடித்தால் திமிறுகிற நூடுல்ஸ். ஆவியே பறக்கவில்லை. ஆறிவிட்டதோ என்று கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்த பெரியவர் சட்டென்று கையை உயர்த்தி, “அத்சுய், அத்சுய்” என்றார். சுடும், சுடும்!

பெரியவர் விளக்கியதைக் கூட வந்த நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார். மேலே ஒரு பரப்பாக மிதக்கும் கொழுப்பு, சூட்டை வெளியே விடாமல் மூடிவைக்கிறது. அதனால்தான் ஆவி இல்லை. பனியில் நடந்து வந்தவன் கடைசி வாய் வரைக்கும் சூடாகச் சாப்பிட அந்த ஊர் கண்ட வழி இது. பெரியவர் சப்போரோக்காரர். வேலைக்காக டோக்கியோ வந்து நாற்பது வருடமாம். முதல் குளிர்காற்று அடித்ததும் இங்கே வந்துவிடுவாராம். சோளமும் வெண்ணெயும் போட்டுத் தரச் சொல்லி, வெண்ணெய் உருகிக் கலப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவசரமாகச் சாப்பிட்டு எழும் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் நிதானமாக இருந்தார்.

எண்ணெய் கூடுதல், உப்பும் கூடுதல். வெயில் ஊரில் இதை வாரம் ஒருமுறை சாப்பிடச் சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது.

ஜப்பான் போகிற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. சைவர்கள் இந்தக் கிண்ணத்தைத் தவிர்த்துவிடுங்கள். காய்கறி மட்டும் கேட்டாலும் சாறு எலும்பில் காய்ச்சியதுதான். மற்றவர்கள் கிண்ணம் வந்ததும் படம் எடுத்து நேரம் கடத்தாமல் சாப்பிடத் தொடங்குங்கள், நூடுல்ஸ் ஊறிவிடும். முதல் கரண்டியை மட்டும் நன்றாக ஊதிக் குடியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்