மீன் வெட்டும் கை

மாத்தளை, கடலைக் காணாத மாவட்டம். நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து தம்புள்ளைச் சமவெளிவரை எங்கு நின்றாலும் உப்புக் காற்று முகத்திற் படாது. ஆயினும் மீன் வாடை இம்மண்ணுக்குப் புதிதன்று. கண்டலமைக் குளமும் தேவகுவைக் குளமும் 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொரகாகந்தை நீர்த்தேக்கமும் வலைக்கு மீன் தருகின்றன. அம்மீனிற் பெரும்பகுதி திலாப்பியா. 1952இல் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்ட அந்த விருந்தாளி, இன்று வீட்டுக்காரனாகிவிட்டது. 1990இல் நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்திவிட்டு, 1994இல் மறுபடியும் தொடங்கியது பழைய கதை. இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் குளத்தில் வலை விழாமலா இருந்தது?

நான் பேச வந்தது மீனைப் பற்றியன்று. அதை வெட்டும் கையைப் பற்றி.

தெருவோரத்திற் பலகையிட்டு அமர்ந்து, திலாப்பியாவைச் செதில் சீவித் துண்டாக்கிக் கொடுப்போரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அம்மீனின் முதுகுத் துடுப்பு ஓர் ஊசி வரிசை. நாளொன்றுக்கு எத்தனை முறை குத்துகிறதென்று அவர்கள் எண்ணுவதில்லை. கையை உதறிவிட்டு அடுத்த மீனை எடுப்பார்கள். பெரும்பாலும் அதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் சிலவேளை, இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், விரலிற் சிவந்த சிறு கட்டியொன்று தோன்றும். பெரிய வலி இராது, காய்ச்சலும் இராது. மெல்ல உடைந்து புண்ணாகும், ஆறாது. சிலருக்குக் கை வழியே மேல்நோக்கி, நூலிற் கோத்த மணிகள்போல் மேலும் சில கட்டிகள் கிளம்பும். முள் குத்திய நாளை அப்போது யார் நினைவில் வைத்திருப்பார்?

இவ்வாறு செய்யவல்ல கிருமிகளுள் ஒன்றுக்கு மைக்கோபற்றீரியம் மரைனம் என்று பெயர். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சிச்சாலையில் இறந்த கடல் மீன்களிலிருந்து அரோன்சன் என்பவர் இதைப் பிரித்தெடுத்தார். அதனால் 'கடலுக்குரியது' என்னும் பொருளில் பெயர் அமைந்தது. பெயர் வைத்தவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம். அது நன்னீரிலும் நன்றாகவே வாழும். 1954இல் சுவீடனில் லினெல், நோர்டென் என்னும் இருவர், நீச்சற் குளத்தில் நீராடியோரின் தோற்புண்களில் இதையே கண்டு, வேறொரு கிருமியென எண்ணி வேறு பெயரும் சூட்டினர். குளோரின் இடும் வழக்கம் பரவியபின் நீச்சற் குளத்தால் வருவது அருகிவிட்டது. இன்று அலங்கார மீன்தொட்டியும் மீன் வேலையுமே அதற்கு முதன்மையான வாயில்கள். பெயரை நம்பி, மலைநாட்டவர்க்கு இதனால் என்னவென்று இருந்துவிட முடியாது.

அது கையைப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. ஏறத்தாழ 30 பாகை வெப்பமே அதற்கு உகந்தது. உடலின் உட்பகுதியிலுள்ள 37 பாகையை அது விரும்புவதில்லை. ஆகவே சற்றுக் குளிர்ந்த விரல், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் தங்குகிறது. தோலோடு நின்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. காலம் கடந்தால் தசைநாண்களுக்கும் மூட்டுக்கும் எலும்புக்கும் இறங்கும். விரல் மடங்காத மீன்காரி பிறகு எந்தத் தொழிலுக்குப் போவாள்?

மருந்து இல்லாமலில்லை. கிளாரித்ரோமைசின், றிபாம்பிசின், எதம்பியூட்டோல் போன்றவற்றை வைத்தியர் சொன்னபடி மாதக்கணக்கில் உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகும். புண்ணுக்கு வழக்கமாகத் தரும் பென்சிலினுக்கு இது மசியாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. காசநோயின் உறவு என்றதும் நோயாளிக்குத் தனிப் பாய் விரிக்க வேண்டியதில்லை.

குறை, நோயை இனங்காண்பதில் இருக்கிறது. மணல் ஈயாற் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்னும் தோல் நோய் காணப்படும் மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. வலியற்ற கட்டி, ஆறாத புண் என்றால் வைத்தியர் முதலில் அதை நினைப்பது முறையே. மூட்டு வீங்கியிருந்தால் வாதம் எனக் கருதி ஸ்ரீரொயிட் ஊசி போடவும் கூடும். அது நோயை வளர்க்கும். சதைத் துண்டொன்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும், அங்கே 37 பாகையில் மட்டும் வைத்து வளர்த்தால் கிருமி தலைகாட்டாமற் போகலாம். 30 பாகையில் வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். அதை ஆய்வுகூடத்தார்க்கு யார் சொல்வது? நோயாளி மீன் வெட்டுபவர் என்று சீட்டில் எழுதியிருந்தாலன்றோ அவர்களுக்குத் தெரியும்!

நோயின் மூலத்தைத் தேட வேண்டுமென்று வள்ளுவர் கூறியதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். 1700இல் இத்தாலிய வைத்தியர் றமஸ்ஸினி, நோயாளியின் தொழில் யாதென்றும் கேட்க வேண்டுமென எழுதினார். கேட்டதாற் பயன் விளைந்ததற்குத் தொலைவிலிருந்து ஒரு சான்று. 1995-96 குளிர்காலம் தொடங்கி ஓராண்டுக்குள் கனடாவின் ரொறன்ரோவில், ஆசிய வம்சாவளியினர் ஒன்பது பேர் நோயுற்றது தெரியவந்தது. பெரும்பாலோர்க்குக் கை சிவந்து வீங்கிற்று. காரணம் வேறொரு கிருமி, ஸ்ரெப்டோகொக்கஸ் இனியே. அவர்கள் யாவரும் பச்சை மீனைச் சுத்தம் செய்தவர்கள் என்பது விசாரித்த பின்னரே துலங்கியது. அம்மீனும் பெரும்பாலும் நம் திலாப்பியாதான்.

நம்மாலும் கேட்கப் பழக முடியும். 2008இல் எலிக்காய்ச்சல் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியபோது மாத்தளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இன்று காய்ச்சலோடு வருபவரிடம், வயலில் இறங்கினீரா என்று கேளாத வைத்தியர் இப்பக்கத்தில் அரிது. வயலைக் கேட்பவர்கள் மீனையும் கேட்டால் என்ன?

ஏழையின் கறிச்சட்டியில் ஏன் அச்சத்தைப் போடுகிறீர் என்று சிலர் சினக்கலாம். நன்கு சமைத்த மீனை உண்பதால் இந்தத் தோல் நோய் வராது. கையுறை அணியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதும் எளிது. வழுக்கும் மீனையும் கூரிய கத்தியையும் ஈரமான இறப்பர் கையுறையோடு ஒருமுறை பிடித்துப் பார்த்தவர் அவ்வளவு எளிதாகச் சொல்லார். குத்தியவுடன் நல்ல நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், விரலிற் புண்ணிருக்கும் நாளில் மீனைத் தொடாதிருப்பதும் இயன்ற காரியங்கள். பாடசாலையில் கண்ணாடி மீன்தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கோ கையுறை கடினமன்று. காயமுள்ள கையோடு மாணவன் அதைக் கழுவ விடாதிருந்தாற் போதும்.

வைத்தியர் கேளாவிடில் நோயாளி தாமே சொல்லலாம். ஆனால் வரிசையில் நெடுநேரம் காத்து நின்றவர், உள்ளே போனதும் கையை நீட்டுவாரேயன்றித் தொழிலைச் சொல்லார். கேளாததைச் சொல்வது மரியாதைக் குறைவென்று எண்ணுவார். ஊரிற் கடிதம் எழுதித் தரவும் படிவம் நிரப்பித் தரவும் ஆசிரியரையே நாடுகிறார்கள். அடுத்த முறை ஆறாத புண்ணோடு ஒருவர் வந்தால், அவருடைய வைத்தியசாலைச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: மீன் வெட்டுபவர், முள் குத்தியது, இன்ன மாதம்.