நாக்கை நம்பிய ஊர்

சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு கர்வம். வெளியூர் போனால் அங்குள்ள தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிப்போம். ஊருக்குள் செக்காலையில் வீட்டுக்கு வீடு போர் போட்டபோதும் அந்த நாக்கைத்தான் கேட்டோம். உப்புக் கரிக்கவில்லையா, சரி. ஆனால் நிலத்தடி நீரில் இருக்கக்கூடிய புளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் கலந்திருக்கும் அளவில் ருசியும் தெரியாது.

புளோரைடு என்றால் அது தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் பாடு என்று ஒதுக்கினோம். ஜப்பான் கடனுதவியோடு அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இடங்களின் பட்டியலில் நம் சிவகங்கை மாவட்டத்தின் சில பகுதிகளையும் மத்திய நிலத்தடி நீர் வாரியம் சேர்த்திருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் போரில் எவ்வளவு? எத்தனை அடி என்பதைத் தவிர நாம் எதையும் விசாரிக்கவில்லை.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் கொண்டுவந்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இங்கேதான் இருக்கிறது. உலோகத் தகடுகள் வழியே தண்ணீரில் மின்சாரம் செலுத்திப் புளோரைடைப் பிரிக்கும் முறையை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அங்கே சீட்டுக் கிடைக்குமா என்பதுதான் நம் கவலையாக இருந்தது.

ஆர்.ஓ. விற்க வந்தவர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தம்ளரில் முக்கி எண்ணைக் காட்டினார். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அதில் புளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. எண் குறைவாக இருந்த வீடுகள் நிம்மதியாயின. சில வீடுகளில் கொதிக்க வைத்தார்கள். தண்ணீர்தான் ஆவியாகும், மிஞ்சியதில் புளோரைடின் செறிவு கூடும்.

இதையெல்லாம்கூட அறியாமை என்று தள்ளலாம். நமக்குக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு, வேலைக்கு வரும் அக்கா குடத்தை நீட்டினால் பின்கட்டுப் போர்க் குழாயைக் காட்டினோமே, அதை என்னவென்று சொல்வது? அவர் வீட்டு உலையில் கொதிப்பது அந்தத் தண்ணீர். எட்டு வயதுக்குள், எனாமல் உருவாகும் பருவத்தில் புளோரைடு மிஞ்சினால், நிரந்தரப் பல் முளைக்கும்போதே திட்டுத்திட்டாக முளைக்கும். நாளாக ஆகக் காவியேறும். உமிக்கரி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்து, "பல்லு வெளக்குறதே இல்லையாடா?" என்று அதட்டியவர்கள் நாம். பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைக் காரணம் காட்டி எழுந்து வந்தவர்களும் நம்மில் உண்டு.

முற்றத்து மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்த ஆச்சிமார் வாழ்ந்த வளவுகள் இவை. 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கணக்குக் காட்ட ஒரு குழாய் வைத்தோம். பல வீடுகளில் அதன் கீழ்முனை சிமென்ட் தளத்தில் முட்டி நிற்கிறது.

போரில் புளோரைடு எவ்வளவு என்று அறிய, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டால் போதும். கோடையில் ஒரு தடவை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை. தெரு மோட்டார் பழுதானால் அன்றைக்கே வசூல் போடும் நாம், இதற்கு ஒரு ரூபாய்கூட வசூலித்ததில்லை.