அதிகாரியின் தொப்பியும் வியாபாரியின் சின்னமும்

பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் அணிந்த பழைய தொப்பிகளுக்கு ஏலவிற்பனைகளிலும் இணையத்திலும் தனிச்சந்தையே உண்டு. வாங்குவோரிற் பலர் முதலிற் பார்ப்பது முன்னே பொருத்தப்பட்டுள்ள உலோகச் சின்னத்தைத்தான். சின்னம் அரிதானதாயின் விலை ஏறும். வியாபாரியும் இதை அறிவார். ஆகவே, ஒரு தொப்பியிலிருந்து கழற்றப்பட்ட சின்னம் இன்னொரு தொப்பியில் ஏறுகின்றது. இதனைச் 'சீரமைப்பு' என்று கூசாமற் சொல்வோரும் உளர். என்னைக் கேட்டால், இது ஆவண மோசடி என்பேன்.

ஆவணம் என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. சாதாரண சிப்பாய்க்குத் தொப்பியை அரசே வழங்கியது. போர்த் திணைக்களத்தின் அம்புக்குறி முத்திரையும் அளவும் ஆண்டும் பெரும்பாலும் அதன் உட்புறத்தில் இருக்கும். அதிகாரியோ தமது சீருடையைத் தமது பணத்தில் தைப்பித்துக்கொண்டவர். அவருடைய தொப்பியினுள்ளே லண்டன் நியூ பொண்ட் வீதியின் ஹேர்பேர்ட் ஜோன்சன் போன்றதொரு கடையின் பெயரும், வியர்வை படியும் தோற்பட்டியில் சில வேளைகளில் அவரது சொந்தப் பெயரும் காணப்படும். கடைகள் முகவரி மாறியதால், அச்சிடப்பட்ட முகவரியே காலத்தைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

சின்னம் பொய் சொல்கிறதா என்பதைக் கண்டறிய அதன் மேலுள்ள முடி உதவும். 1901 முதல் 1952 வரை ஆண்ட நான்கு மன்னர்களின் காலத்துக்குரியது டியூடர் முடி. அதன் வளைவுகள் குவிந்து மேலெழும். எலிசபெத் மகாராணியின் காலத்தில், 1953 அளவில் வந்த புனித எட்வேர்ட் முடியின் வளைவுகள் நடுவிற் பள்ளமாகும். நெடுங்காலம் இந்த ஒரு வேறுபாடே பலருக்குப் போதுமானதாயிருந்தது. ஆனால் 2022 இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் தமது இலச்சினைக்கு டியூடர் முடியையே தெரிவு செய்தார். படைச் சின்னங்களும் அவ்வழியே மாறத் தொடங்கின. நேற்று வார்த்த சின்னத்தை 1916 ஆம் ஆண்டுக்குரியதென விற்க முனைவோருக்கு இது வாய்ப்பாகிவிட்டது.

முடியைவிட நம்பத்தக்க சாட்சி துணியே. போர்க்களச் சேவைத் தொப்பியில் அதிகாரிகள் அணிந்த சின்னம் கருமை கலந்த வெண்கல நிறத்தது. சிப்பாயின் சின்னமோ பெரும்பாலும் பித்தளையின் பளபளப்புடையது. அதிகாரியின் சின்னத்தைப் பல வேளைகளில் மெல்லிய உலோக நாக்குகள் பின்புறம் மடிந்து பிடித்திருக்கும். சிப்பாயின் சின்னத்திற் பெரும்பாலும் ஒற்றைச் செருகுதகடு இருக்கும். இவை துணியில் விட்டுச்செல்லும் துளைகள் வேறு வேறானவை. பல்லாண்டுகள் வெயில் பட்ட துணியிற் சின்னத்தின் அடியில் மட்டும் நிறம் மங்காதிருக்கும். அந்த நிழலின் வடிவம் மேலேயுள்ள சின்னத்துடன் பொருந்தாவிடில், வியாபாரியின் கதையும் பொருந்தாது. தையல்நூல் புற ஊதா ஒளியிற் பிரகாசமாக ஒளிர்ந்தால், அது பிற்காலத் தையலாக இருக்க இடமுண்டு.

முதலாம் உலகப் போரின்போது அதிகாரிகள் பலர் தொப்பியின் உட்கம்பியை எடுத்துவிட்டு, அதனைத் தளர்வாக அணிந்தனர். இன்று 'அழகுக்காக' அக்கம்பியைத் திரும்பவும் நுழைக்கிறார்கள்!

பொருந்தாதவை யாவும் போலி என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 1942 இல் வட ஆபிரிக்காவில் மொண்ட்கொமரி தமது பெரே தொப்பியில் ஜெனரலின் சின்னத்தையும் தாங்கிப் படையணியின் சின்னத்தையும் அருகருகே அணிந்தார். விதிக்கு ஒவ்வாத அந்த இரட்டைச் சின்னமே பின்னர் அவரது அடையாளமாயிற்று. பெயரறியாத ஒருவரின் தொப்பியில் இப்படியொன்று கிடைத்திருந்தால், 'சீரமைப்பவர்' ஒன்றைப் பிடுங்கியிருப்பார்.

பெயர்களில் நடக்கும் மோசடியே மிக அருவருப்பானது. சோம் சமரின் முதல் நாளான 1916 யூலை 1 இல் மட்டும் 19,240 பிரித்தானியப் படையினர் மாண்டனர். அன்று வீழ்ந்த ஓர் அதிகாரியின் பெயர் தோற்பட்டியில் இருந்தால் விலை ஏறும் என்பதற்காகப் பெயரையே எழுதிவிடுவது, இறந்தவரையும் அவரது குடும்பத்தினரையும் ஒருசேர ஏமாற்றுவதாகும்.

ஆங்கிலேயரின் தொப்பி பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். 1900 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் 1914 இற் கொழும்பிலிருந்து எகிப்துக்குச் சென்றனர். கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டுக்கு மெய்க்காவல் புரிந்த அவர்களிற் பலர் பின்னர் பிரித்தானியப் படையணிகளில் அதிகாரிகளாயினர். மலையகத்தில் நம்மவரை வேலைவாங்கிய ஒரு துரையின் தொப்பி, ஏதோவோர் ஆங்கிலப் படையணியின் சின்னத்துடன் இன்று எங்கோ ஓர் ஏலத்திற் கிடக்கக்கூடும். அவர் இலங்கையிலிருந்து போனவர் என்பதைச் சின்னம் சொல்லாது. தோற்பட்டியிலுள்ள பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தோட்டம் வரை வர முடியும். அந்தப் பட்டியைக் கிழித்துப் புதியது தைப்பவர் நமது வரலாற்றின் ஓர் இழையையும் சேர்த்தே அறுக்கிறார். துரைமார் மீது எனக்குப் பரிவில்லை. ஆயினும் அவர்கள் இங்கிருந்தமைக்கான சாட்சியம் அழிவதால் தோட்டத் தொழிலாளிக்கு எந்த நன்மையும் இல்லை.

ஆகவே சின்னம் இல்லாத தொப்பி கிடைத்தால், இல்லாமலே வைத்திருங்கள். பூச்சி அரித்த துளையை அடைக்காதீர்கள். பெயர் ஒன்றைக் காட்டி அதிக விலை கேட்டால், லண்டன் வர்த்தமானியில் அந்த அதிகாரியின் நியமனத்தையும், பழைய இராணுவப் பட்டியல்களில் அவரது படையணியையும் தேடிப் பாருங்கள். இரண்டையும் இணையத்திற் பார்க்கலாம், கட்டணம் இல்லை.