ஒலென் கொத்தொன

பேரனோடு இருக்க ஃபின்லாந்து போகிற நம் வயதுக்காரர்கள், ‘அந்த பாஷை நமக்கு வராது’ என்று முதலிலேயே கைவிரித்துவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான் வினை என்பேன். தமிழை வைத்துப் படியுங்கள்.

வீட்டுக்கு ‘கொத்தி’ என்று பெயர் (மண்வெட்டி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). ‘கொத்தொன’ வீட்டில், ‘கொத்தீன்’ வீட்டுக்கு, ‘கொத்தொஅ’ வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபு மாதிரியே வாலில் ஒட்டிக்கொள்கிறது. ‘ஒலென் கொத்தொன’ என்றால் ‘வீட்டில் இருக்கிறேன்’. நம்மைப்போலவே ‘நான்’ கூட வேண்டாம்.

குழந்தைகள் காப்பகத்துக்கு ‘பைவாகொத்தி’, அதாவது பகல் வீடு என்று பேர். சாயங்காலம் அதன் வாசலில் நின்று, ‘மென்னேன் கொத்தீன்’, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பேரன் கையைப் பிடித்துக்கொள்வான்.